கத்தரித் தோட்டத்தில் நட்ட பலகை

பிள்ளைச்சாவடிக்கு மேற்கே, பெரிய சாலையிலிருந்து இறங்கி ஏழு நிமிஷம் நடந்தால் வருகிறது கொளஞ்சியின் கத்தரித் தோட்டம். அந்தத் தோட்டத்தில் அரசாங்கம் இதுவரை நட்டது ஒரே ஒரு பலகை. பச்சை வர்ணம், வெள்ளை எழுத்து, இரண்டு இரும்புக் கால். 'சொட்டுநீர்ப் பாசன மாதிரித் திடல்' என்று மேலே பெரிதாகவும், 'பயனாளி: தே. கொளஞ்சி' என்று கீழே சின்னதாகவும் எழுதியிருந்தது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஒரு முழம்கூடக் கிடையாது. இடுப்பில் குடத்தோடு அவள் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போய்வந்தாள். பலகையின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்காரும். அதற்காவது பயன்படுகிறதே என்று முதல் மாதம் சொன்னாள். இரண்டாவது மாதம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கொளஞ்சிக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு நெல்லித்தோப்பில், மோட்டார் சைக்கிள் நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு சந்தில். புருஷன் தேவதாஸ் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை நின்ற பிறகு, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். நிலம் கொளஞ்சியின் அப்பா அவளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன முக்கால் காணி. ஆலை நின்ற வருஷம், அதுவரை கல்யாணம் கருமாதிக்கு மட்டும் எட்டிப்பார்த்த அந்த மண்ணில் போய் அவள் இறங்கினாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பார்த்தாள், பன்றி தின்றது. வெண்டை போட்டாள், நாள்தோறும் பறிக்க ஆள் இல்லை. கடைசியில் கத்தரி அவளுக்குப் பிடிகொடுத்தது. மகள் சுடர்விழியை நர்சிங் படிக்கவைத்தது அந்தக் கத்தரிதான். விடியலில் முதல் பஸ் பிடித்துப் போய், வெயில் ஏறியதும் கூடையோடு திரும்பிவருவாள். "டவுன்ல குந்திக்கினு வெவசாயமாம்" என்று சந்தில் சிரித்தவர்கள், கத்தரிக்காய் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் சிரிப்பதை விட்டுவிட்டு வாசலில் பை நீட்டினார்கள்.

அவளுடைய ஒரே பிரச்சினை கிணறு. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் நல்ல தண்ணீர், அதற்கு மேல் ஓடினால் அடியிலிருந்து உப்பு ஏறிவந்துவிடும். கடிகாரம் பார்க்கமாட்டாள். வாய்க்காலில் உள்ளங்கையைக் குழித்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். நாக்கின் ஓரம் கரித்த மறு நொடி ஓடிப்போய் சுவிட்சை அணைப்பாள். அரை மணித் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, மணலில் பாதி இறங்கி, செடி நட்ட இருபத்தாறு பார் வரிசைகளில் பதினைந்துக்குத்தான் எட்டும். மீதி பதினொரு பாருக்கும் குடம்தான். இதே அரை மணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செடியின் வேரில் விட்டால் இருபத்தாறு பாரும் நனையும். இதை அவளுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. நிலத்தைக் குனிந்து பார்க்கிற எவருக்கும் தெரிகிற விஷயம். அவளுக்குத் தேவையாக இருந்தது அந்தக் குழாய் மட்டும்தான். அது இருந்தால் கோடையைத் தாண்டிவிடுவாள். இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் கல் நட்டு பிளாட் போட்டவர்கள் அவள் வரப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை ஜீப்பும் ஒரு மினி வேனும் வந்து நின்றன. அன்றைக்கு தேவதாசுக்கு விடுமுறை, அவரும் தோட்டத்தில் இருந்தார். ஜீப்பிலிருந்து வேளாண் அலுவலர் கமலவேணி இறங்கினார். கூடவே களப்பணியாளர் இளம்பரிதி. முப்பது வயதுக்குள் இருக்கும், ஷூ நனையாமல் வரப்பில் நடக்கப் பழகிய பையன்.

"அம்மா, உங்க நெலத்த மாதிரித் திடலா எடுத்திருக்கோம். ரோட்டுல இருந்து வர வழி நல்லாருக்கு" என்றான்.

வேனிலிருந்து கறுப்புக் குழாய்ச் சுருள்கள் இறங்கின. முன்னால் இருந்த நான்கு பாரில் அவற்றை விரித்தார்கள். கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, பிறகு அதை நினைக்கும்போதெல்லாம்தான் அவளுக்கு அவமானமாக இருந்தது. குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். எந்த இடத்தில் எடுத்தது என்று தானாகப் பதிவாகும் போட்டோவாம் அது. பலகையை நட்டார்கள். இளம்பரிதி ஒரு நீளமான நோட்டை நீட்டினான்.

"இது எதுக்குப்பா?"

"வந்துருந்தீங்கன்னு ஒரு கையெழுத்தும்மா."

கொளஞ்சி புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போடு கொளஞ்சி. போட்டாத்தான ஆள் வந்ததா அர்த்தம்."

தேவதாசிடம் யார் எந்த நோட்டை நீட்டினாலும் அப்படித்தான் சொல்வார். ஆலையில் தறிகள் நின்ற பிறகும் வருஷக்கணக்கில் தொழிலாளிகள் காலையில் குளித்து, சட்டை போட்டு, வாசல் வரை போய், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவந்தார்கள். உள்ளே வேலை இல்லை. ஆனால் கையெழுத்து இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த மனிதனே இல்லை. அப்படிப் பதினோரு வருஷம் போட்ட கை அவருடையது. ஊரில் பாதி ஆலைக் குடும்பங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. நோட்டை நீட்டினால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள், கீழே எங்கே இடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

கொளஞ்சி கீழே இடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அந்தப் பருவத்தின் முதல் காய்ப்பு அது, கன்னிக்காய், தன் வீட்டுக்குக்கூட எடுத்துப்போகாமல் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பை கட்டிக் கொடுத்தாள். வேன் டிரைவருக்கும் சேர்த்துத்தான்.

பைகளை வாங்கி ஜீப்பில் வைத்த பிறகு, வேன் ஆட்கள் குழாயைத் திரும்பச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"இன்னா தம்பி, சுருட்டுறீங்க?"

"இது சாம்பிள்மா. உங்களுக்கு வேற வரும்."

வேன் போகும்போது அவள் கையசைத்தாள்.

சித்திரை வந்தது, குழாய் வரவில்லை. கிணறு அரை மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்கு இறங்கியது. கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது. அவள் விவசாய அலுவலகத்துக்குப் போனாள். இளம்பரிதி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி நிமிர்ந்தான்.

"உங்களுக்குத்தான் போட்டாச்சேம்மா."

"இன்னாத்த போட்ட?"

"சொட்டுநீர். முழு நெலத்துக்கும். போட்டோ இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. பாருங்க, சிரிச்சுக்கினு நிக்கிறீங்க."

கொளஞ்சி திரையைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"நீதானப்பா சுருட்டிக்கினு போன. உன் கண்ணால பாத்துட்டு உன் வாயாலயே போட்டாச்சுன்றியே."

இளம்பரிதி குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியும்மா. ஆனா சிஸ்டம்ல ஏறிடுச்சு. ஒரு நெலத்துக்கு ஒரு தடவ குடுத்தா மறுபடி ஏழு வருஷம் கழிச்சுத்தான் குடுக்க முடியும். அப்ளிகேஷன் போட்டாலும் அதுவே தள்ளிடும்."

"ஏழு வருஷம் கழிச்சு நா இருப்பனான்னு அதுல தட்டிப் பாரு."

உள் அறையிலிருந்து கமலவேணி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கெட்ட பெண்மணி இல்லை. அதுதான் கொளஞ்சிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, கத்தவும் முடியவில்லை.

"ஒளிக்காம சொல்றேன்மா. மார்ச் முடியறதுக்குள்ள இருபது திடல் காட்டணும்னு மேல இருந்து உத்தரவு. சரக்கு வந்தது மூணு திடலுக்குத்தான். மீதி ஏப்ரல்ல வரும்னாங்க, அத நம்பி பண்ணிட்டோம். வரல."

"அப்ப அந்த பைப்பு?"

கேட்கும்போதே கொளஞ்சிக்கே விளங்கிவிட்டது. கல்யாண வீடுகளுக்கு வாடகை அண்டா போய்வருகிற மாதிரி, அந்த நான்கு சுருள் குழாயும் தோட்டம் தோட்டமாகப் போய் படுத்து எழுந்து வந்திருக்கிறது. தன்னைப் போல இன்னும் பதினாறு பேர் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். எத்தனை பேர் கன்னிக்காய் கட்டிக் கொடுத்தார்களோ.

"மேடம், நீங்க போட்டோ எடுத்தது தப்புன்னு நா சொல்லல. உங்களுக்கு மேல ஒருத்தர் கேட்டாரு, எடுத்தீங்க. பைப்பு இல்லன்னு மறுபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். அதுக்கு மட்டும் ஏன் யாரும் கேமராவ தூக்க மாட்டேன்றீங்க?"

"அப்படி அனுப்ப வழி இல்லம்மா" என்றார் கமலவேணி. அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். போட்டாச்சு என்று ஏற்றுவதற்கு இருக்கிற வழி, போடவில்லை என்று இறக்குவதற்கு இல்லை.

மறுநாள் விடியலில் வடக்கே போகிற பஸ்ஸில் சாந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைச்சாவடிக்காரி, மீன் விற்கிறவள், துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற நாட்களில் கொளஞ்சியோடு சேர்ந்துதான் வருவாள். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்க்கா, பைப்பு வச்சிருக்கிற பணக்காரி நீ. எதுக்கு கொடம் தூக்குற?"

"சிரிடி, சிரி. உனக்கு இன்னா."

"எங்க ஊர்ல மீன் புடிக்கிற போட்டுக்கு நம்பர் எழுத வருவானுங்க. எழுதணும்னா போட்டு இருக்கணும்க்கா. உனக்கு நம்பர் மட்டும் எழுதியிருக்கானுங்க, போட்டக் காணோம். அந்தப் பலகைய புடுங்கி ஓடையில கடாசிட்டு வேற வேலயப் பாரு."

"ஓடையில கடாசினா பலகையும் இல்லன்னு ஆயிடும்டி. இருக்கறது அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு கொளஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. குழம்புக்குக் கத்தரி நறுக்கிக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"போடு போடுன்னு சொன்னது நீங்கதான்."

"பதினோரு வருஷம் நா போட்டிருக்கேன், எவன் ஏமாத்தினான்?"

அரிவாள்மணையில் கை நின்றது. "மில்லு இல்ல, நீங்க கையெழுத்து போட்டுக்கினு இருந்தீங்க. பைப்பு இல்ல, நா கையெழுத்து போட்டேன். ரெண்டு பேரும் ஒரே வேலயத்தான் பாத்திருக்கோம்."

தேவதாசுக்கு அது பட்டுவிட்டது. ரசம் ஊற்றிக்கொள்ளாமலே சாப்பிட்டு எழுந்துவிட்டார். ஆனால் அந்த வாரக் கடைசியில் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். பலகையை இரும்புக் கால்களிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து, கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தார். ஆலையில் தறியைக் கழற்றினவருக்கு நான்கு போல்ட் ஒன்றும் பெரிதில்லை.

"எப்ப கூட்டம்னு கேட்டு வச்சிருக்கேன்" என்றார். "ஆனி மாசம்."

விவசாயிகள் குறைதீர் கூட்டம் டவுனில் ஒரு பெரிய மண்டபத்தில். தேவதாஸ் மொபெட்டை ஓட்ட, கொளஞ்சி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, பலகையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனாள். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்காரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எந்தக் கட்சிம்மா?" என்றான். "கொடம் தூக்குற கட்சி" என்றாள்.

மண்டப வாசலில் ஒரு மேசை. மேசையில் ஒரு நோட்டு.

"வருகைப் பதிவு. கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்கம்மா."

தேவதாசின் கை தன்னாலேயே பேனாவுக்குப் போனது. கொளஞ்சி பார்த்த பார்வையில் திரும்பிவந்தது.

"நா போட மாட்டேன்" என்றாள்.

"போடலன்னா வந்ததா ஆகாதும்மா."

"முன்ன ஒரு நோட்டுல போட்டேன், வராத பைப்பு வந்ததா ஆயிடுச்சு. இப்ப நா வந்து நிக்கிறேன். வரலன்னு எழுதிக்க."

மேசைக்காரர் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு பின்னால் வரிசை நீண்டதால் விட்டுவிட்டார்.

உள்ளே மேடையில் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒருவர் மைக்கில் அறிக்கை வாசித்தார். விதை இவ்வளவு, பயிற்சி முகாம் இவ்வளவு, சொட்டுநீர்ப் பாசன மாதிரித் திடல்கள் இருபது. இருபது என்ற சொல்லுக்குக் கொஞ்சம் கைத்தட்டல்கூட எழுந்தது. கொளஞ்சி எழுந்தாள். பேசத் தெரியாது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தாள். பலகையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"சார், அதுல ஒண்ணு இது. பைப்ப தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. பலகையாவது உங்க கிட்ட பத்திரமா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வேடிக்கை காட்டவா இவ்வளவு தூரம் வந்தாள்? குரல் உயர்ந்தது. "சிரிக்காதீங்க. உங்கள்ல எத்தன பேரு பைப்பு முனையப் புடிச்சுக்கினு நின்னீங்கன்னு எனக்குத் தெரியாது. என் செடி காயுது. உப்புத் தண்ணியில வேரு வெந்துபோவுது. எனக்கு இன்னாத்துக்கு பலக? ரோட்டுல போறவனுக்குக் காட்டவா நா பயிர் வச்சிருக்கேன்?"

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் யாரோ ஒருவர், "எனக்கும் அப்படித்தான் சார்" என்று பாதிக் குரலில் சொல்லி உட்கார்ந்தார்.

பெரிய அதிகாரி கமலவேணியைப் பார்த்தார். கமலவேணி கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "சரிம்மா" என்றார் அதிகாரி. "மனு எழுதச் சொல்றேன். நேர்ல வந்து ஆய்வு பண்ணுவாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஓரத்தில் கம்ப்யூட்டரோடு இருந்த ஒருவர் இரண்டு நிமிஷத்தில் அடித்து நீட்டினார். கீழே புள்ளி வைத்துக் காட்டினார். கொளஞ்சி கீழே பார்க்கவில்லை. மேலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, நேரம் பிடித்தது. தேவதாஸ் பின்னால் நின்று அவளோடு சேர்ந்து உதட்டை அசைத்தார்.

"என் நிலத்தில் பொருத்தப்பட்டுள்ள சொட்டுநீர்க் குழாயில் ஏற்பட்டுள்ள குறைபாட்டை..." நிறுத்தினாள். "இது இன்னாது?"

"எல்லாருக்கும் இதே மாதிரிதான்மா அடிக்கிறது."

"கொறபாடு இல்ல. கொழாயே இல்ல. அடிங்க."

"அர்த்தம் ஒண்ணுதான்மா..."

"ஒண்ணுன்னா மாத்தி அடிக்க உங்களுக்கு இன்னா வலிக்குது?"

மூன்று முறை திருத்தினார்கள். 'குழாய் பொருத்தப்படவில்லை' என்று வந்த பிறகு, அதையும் தேவதாசிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பலகையை அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்கள். "ஆய்வு முடியட்டும்" என்று சொல்லி, திரும்ப மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆய்வுக்கு ஆள் வர இன்னும் இருபத்திரண்டு நாள் ஆனது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஒரு ஆளால் இருபத்தாறு பாரையும் காப்பாற்ற முடியாது என்று ஆனபோது, எதை விடுவது என்று கொளஞ்சியே தீர்மானித்தாள். தெற்குப் பக்கம் பதினான்கு பாருக்குத் தண்ணீரை நிறுத்தினாள். காய் பிடித்திருந்த செடிகள். நிறுத்திய முதல் மூன்று நாளும் அந்தப் பக்கம் திரும்பாமலே போய்வந்தாள்.

இளம்பரிதி தனியாக வந்தான். கையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரு நீலப் புள்ளி காட்டிய இடத்தைத் தேடி, காய்ந்த செடிகளுக்கு நடுவே நடந்தான். பிப்ரவரியில் போட்டோ எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டுமாம். நின்றான். கீழே பார்த்தான். மொறமொறவென்று நிற்கும் குச்சிகள்.

"இங்கதான்மா காட்டுது."

"இன்னா காட்டுது?"

அவன் போட்டோ எடுத்தான். கொளஞ்சி மோட்டாரைப் போட்டு, வேண்டுமென்றே அரை மணி ஓடவிட்டு, ஒரு சொம்பில் பிடித்துவந்து நீட்டினாள். வெயிலுக்கு ஆசையாக வாங்கி வாயில் ஊற்றியவன் வரப்போரம் ஓடித் துப்பினான்.

"உனக்குத் துப்ப முடியுது. செடி துப்புமா?"

இளம்பரிதி வாயைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தான். 'குழாய் உள்ளதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். எழுதியதை அவளிடம் காட்டினான். கொளஞ்சி அந்த ஒற்றைச் சொல்லை நெடுநேரம் பார்த்தாள். மாசியில் ஆரம்பித்து ஆடி வரை அலைந்து அரசாங்கத்திடமிருந்து அவள் வாங்கியது அதுதான்.

"இப்ப பைப்பு வருமா?"

"பழைய பதிவ எடுத்துடுவாங்க. அப்புறம் நீங்க புதுசா அப்ளிகேஷன் போடணும். லிஸ்ட்டுல வரும்."

"எப்ப?"

"வரும்மா."

கிளம்பத் திரும்பியவன், கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தான். "அத நா எடுத்துட்டுப் போகணும். அரசாங்கச் சொத்து."

"எடுத்துக்க." கொளஞ்சி கொட்டகைக்குள் போய், கிழித்து வைத்திருந்த காலண்டர் தாள் ஒன்றையும் ஒரு பேனாவையும் எடுத்துவந்தாள். அதன் பின்பக்கம் முந்தின நாளே தேவதாஸ் தன் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'கொளஞ்சி தோட்டத்திலிருந்து பலகை மட்டும் பெற்றுக்கொண்டேன்.'

"கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்க."

"இதெல்லாம் எதுக்கும்மா..."

"படிச்சுட்டே போடு. நா அவசரப்படுத்த மாட்டேன்."

இளம்பரிதி அதை இரண்டு முறை படித்தான். 'மட்டும்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு போட்டான். தேதியும் போடச் சொன்னாள், போட்டான்.

பலகையை பைக்கில் கட்டும்போது அவன் பார்வை, வடக்குப் பக்கம் தப்பித்த பன்னிரண்டு பாரிலிருந்து அன்று பறித்து வைத்திருந்த கூடையில் போய் நின்று திரும்பியது. கொளஞ்சி அதைப் பார்த்தாள். வீட்டுக்கோ தோட்டத்துக்கோ வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. கை தன்னாலேயே கூடைப் பக்கம் நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"பைப்போட வா தம்பி" என்றாள். "அன்னைக்குத் தரேன்."